குடும்பச் சொத்தாக ஒரு ஈஸ்ட்

பியர் தயாரிக்கக் கற்றுக்கொள்பவருக்கு முதல் நாளே சொல்லித்தரப்படும் பாடம் வெப்பநிலை. ஆங்கிலேய ஏல் வகைக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ். லாகருக்கு 8 முதல் 13 டிகிரி. நொதிக்கும் தொட்டி இந்த வரம்பை மிஞ்சிச் சூடானால் பியரில் பெயின்ட் கரைப்பானின் வாடை ஏறும். தொண்டையை எரிக்கும் கனமான ஆல்கஹால்கள் சேரும். இன்னும் சூடானால் ஈஸ்ட் களைத்துப்போய் வேலையைப் பாதியில் நிறுத்திவிடும்.

மேற்கு நார்வேயில், பெர்கன் நகரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே, மலைகளுக்கு நடுவில் இருக்கிறது வோஸ் வட்டாரம். அங்குள்ள பண்ணைவீடுகளில் இந்தப் பாடம் செல்லுபடியாவதில்லை. ஈஸ்டைச் சேர்க்கும்போது மால்ட் சாறு 39, 40 டிகிரியில் இருக்கும். மனித உடம்பின் இயல்பான சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி அதிகம். சில மணி நேரத்திலேயே தொட்டி பொங்கத் தொடங்கும்; இரண்டு நாளில் நொதித்தல் முடிந்துவிடும். கரைப்பான் வாடை இல்லை, தொண்டை எரிச்சலும் இல்லை. ஆரஞ்சுத் தோலை நினைவூட்டும் மணம்தான் எழுகிறது.

அந்தப் பண்ணைகளில் ஈஸ்டை க்வெய்க் என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டிலேயே காப்பாற்றிவந்த இந்த ஈஸ்டைப் பற்றிப் பத்து பதினைந்து ஆண்டுகளுக்கு முன்புவரை வணிகப் பியர் உலகம் ஏறக்குறைய ஒன்றும் அறிந்திருக்கவில்லை. நார்வேக்காரரான லார்ஸ் மாரியஸ் கார்ஷோல் பண்ணை பண்ணையாகச் சென்று, அடுப்படியில் நின்று பார்த்து, மாதிரிகளை வாங்கி ஆய்வகங்களுக்கு அனுப்பிய பிறகுதான் நிலைமை மாறியது. பண்ணை பியர் மரபுகளைப் பற்றிய அவரது விரிவான நூல் 2020இல் வெளிவந்தது. நார்வே இனவியலாளர் ஒட் நூர்லான் 1969இலேயே தன் நாட்டின் வீட்டு பியர் மரபுகளைத் தொகுத்து ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார். ஆனால் நுண்ணுயிரியலாளர்களின் கவனம் அப்போது அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சட்டம் போட்டுக் காய்ச்சிய பியர்

வடக்கு ஐரோப்பாவில் பண்ணை பியர் பொழுதுபோக்காகத் தோன்றியதல்ல. திராட்சை விளையாத குளிர் நிலத்தில் பார்லிதான் கைகொடுத்தது. அறுவடை, கிறிஸ்துமஸ், திருமணம், இறப்பு என்று ஊர் கூடும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் பியர் வேண்டும். மேற்கு நார்வேயின் இடைக்காலச் சட்டத் தொகுப்பான குலாத்திங் சட்டம் இதைக் கடமையாகவே விதித்தது. குளிர்கால விழாக்களுக்கு உழவர் பியர் காய்ச்ச வேண்டும்; தவறினால் தண்டம். மூன்று ஆண்டு தொடர்ந்து தவறியவர் தன் உடைமையையே இழக்க நேரிடும். அதில் பாதி அரசனுக்கு, பாதி பிஷப்புக்கு.

கடைத்தெருவோ ஆலையோ அருகில் இல்லாத பள்ளத்தாக்கில் இந்தக் கடமையை நிறைவேற்ற ஒவ்வொரு பண்ணையும் எல்லாவற்றையும் தானே செய்தாக வேண்டியிருந்தது. பார்லியை விதைப்பது, அறுப்பது, முளைகட்டுவது, உலர்த்துவது, காய்ச்சுவது எல்லாம் வீட்டு வேலைதான். ஈஸ்டை உயிரோடு வைத்திருப்பதும் அதே வேலைகளில் ஒன்று.

காய்ச்சும் நாள்

வேலை ஜூனிப்பர் கிளைகளிலிருந்து தொடங்குகிறது. ஊசியிலை அடர்ந்த பச்சைக் கிளைகளை வெட்டிவந்து பெரிய செப்புக் கொப்பரைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்குகிறார்கள். நீர் தேயிலை நிறத்துக்கு மாறும். பிசினும் எலுமிச்சையும் கலந்த வாசம் வரும். வெறும் தண்ணீருக்குப் பதில் இந்த வடிநீரில்தான் மால்ட்டை ஊறவைக்கிறார்கள். மரத்தொட்டிகளைக் கழுவவும் இதுவே. வடிக்கும் தொட்டியின் அடியில் பரப்பிய ஜூனிப்பர் கிளைகள் தவிட்டைத் தடுத்துச் சாற்றை மட்டும் கீழே விடுகின்றன.

மால்ட் என்பது முளைவிடத் தொடங்கியதும் உலர்த்தி நிறுத்திய பார்லி. நனைந்த விதையின் கரு ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது மணியின் வெளி அடுக்கிலுள்ள செல்களைத் தூண்டி, மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளை உண்டாக்கச் செய்கிறது. செடி தனக்காகத் தயாரித்துவைத்த இந்த நொதிகளைத்தான் பியர் காய்ச்சுபவர் பயன்படுத்திக்கொள்கிறார். அரைத்த மால்ட்டைச் சூடான வடிநீரில் கலந்து 65 டிகிரியை ஒட்டி வைத்தால் பீட்டா அமைலேஸ் மாவுச்சத்துச் சங்கிலியின் நுனியிலிருந்து மால்டோஸ் சர்க்கரையை இரண்டிரண்டு குளுகோஸ் அலகாக வெட்டி எடுக்கும். ஆல்ஃபா அமைலேஸ் 70 டிகிரியிலும் தாக்குப்பிடித்துச் சங்கிலியை நடுவில் கண்டபடி வெட்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் கஞ்சி இனிக்கத் தொடங்கும்.

அடுத்த கட்டத்தில் ஊருக்கு ஊர் வழி பிரிகிறது. வோஸில் மால்ட் சாற்றை மூன்று நான்கு மணி நேரம் கொதிக்கவைக்கிறார்கள். நீரில் பெரும் பகுதி ஆவியாகிவிடும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து சாறு செம்பழுப்பாகும். வடக்கே ஹோர்னின்டால் பகுதியில் சாற்றைக் கொதிக்கவைப்பதே இல்லை. கொதிக்காத சாற்றில் புரதங்கள் திரண்டு வெளியேறாமல் தங்கிவிடுவதால் பியர் கலங்கலாகவும் வாயில் கனமாகவும் இருக்கும். நீண்ட நாள் தாங்காது. விழாவுக்காகக் காய்ச்சி விழாவிலேயே தீரும் பியருக்கு அது ஒரு குறையும் அல்ல.

பிறகு சாறு ஆற வேண்டும். 150 லிட்டர் கொதிசாற்றை 20 டிகிரிக்குக் கொண்டுவரக் குளிர்விக்கும் குழாய்கள் வேண்டும், இல்லையென்றால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். வெதுவெதுப்பான சர்க்கரைச் சாறு காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பாக்டீரியாவுக்குத் திறந்த கதவு. பழைய உழவர்களிடம் வெப்பமானியும் கிடையாது. கையை வைத்துப் பார்த்து, அப்போதுதான் கறந்த பாலின் சூடு இருந்தால் போதும் என்று ஈஸ்டை ஊற்றினார்கள். அந்தச் சூடு 35 டிகிரிக்கு மேல். நார்வேயின் சில பகுதிகளில் ஈஸ்டை ஊற்றும் அந்தக் கணத்தில் உரக்கக் கத்தும் வழக்கமும் இருந்திருக்கிறது. கத்தல் எவ்வளவு பலமோ பியர் அவ்வளவு வீரியம் என்பது நம்பிக்கை.

மால்ட் சாற்றின் அடர்த்தி பெரும்பாலும் 1.080ஐ ஒட்டி இருக்கும். அதாவது ஒரு லிட்டர் சாறு 1,080 கிராம் எடை. நொதித்து முடியும்போது ஏறக்குறைய 8 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். கணக்கு எளிது: ஈஸ்ட் உண்ணும் ஒவ்வொரு 100 கிராம் குளுகோஸும் அதிகபட்சம் 51 கிராம் ஆல்கஹாலாகவும் 49 கிராம் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியும். இரண்டாம் நாள் முடிவில் அக்கம்பக்கத்தார் வந்து கூடுவார்கள். புது பியரைச் சுவைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள்.

வளையத்தில் உறங்கும் உயிர்

கூட்டம் கலைவதற்கு முன்பே முக்கியமான வேலை ஒன்று முடிந்திருக்கும். சிலர் மேலே திரளும் நுரையிலிருந்தும், சிலர் அடியில் படியும் வண்டலிலிருந்தும் ஈஸ்டை எடுத்துவைப்பார்கள். அடுத்த தயிருக்கு உறைமோர் எடுத்துவைப்பதைப் போன்ற பழக்கம்தான் இது. ஒரே ஒரு வித்தியாசம்: உறைமோர் மறுநாளே வேலைக்கு வந்துவிடும். பண்ணை ஈஸ்டோ அடுத்த விழாவரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அதற்காகவே கருவிகள் உருவாயின. சிறு மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த வளையங்களையும், துளைகள் போட்ட மரக்கட்டைகளையும் ஈஸ்ட் குழம்பில் முக்கியெடுத்து உலரத் தொங்கவிட்டார்கள். லினன் துணியில் பூசி உலர்த்தியவர்களும் உண்டு. அருங்காட்சியகங்களில் இப்போதும் இவற்றைப் பார்க்கலாம். இன்றைய வோஸ் வீடுகளில் அந்த இடத்தைக் குளிர்பதனப் பெட்டியும் கண்ணாடிச் சீசாவும் பிடித்துக்கொண்டன.

ஈஸ்ட் புளித்துக் கெட்டுவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்துப் பண்ணையில் வாங்கிக்கொள்ளலாம். கொடுத்தவருக்கும் அதில் லாபம். நாளைக்குத் தன்னுடையது கெட்டால் அதே ஈஸ்ட் இவர் வீட்டிலிருந்து திரும்பிவரும். பள்ளத்தாக்கு முழுவதுமே ஒரு சேமிப்புக் கிடங்காக இயங்கியது.

ஒற்றைச் செல்லின் வெற்றி

இதே காலத்தில் நகரத்து பியர் வேறு பாதையில் போனது. ஈஸ்ட் ஓர் உயிர் என்பதை 1837இல் கான்யார் லத்தூரும் தியோடர் ஷ்வானும் தனித்தனியே நிறுவினார்கள். பியர் கெடுவதற்கு வேண்டாத நுண்ணுயிரிகளே காரணம் என்று லூயி பாஸ்டர் 1876இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சென் இன்னும் ஓர் அடி முன்னே போனார். காட்டு ஈஸ்ட்களும் பியரைக் கெடுக்கும் என்று கண்டு, நல்ல ஈஸ்டின் ஒற்றைச் செல்லைப் பிரித்தெடுத்து, அதிலிருந்தே முழுத் தொட்டிக்கும் ஈஸ்ட் வளர்த்தார். 1883இல் கார்ல்ஸ்பெர்க் அந்தத் தூய ஈஸ்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஆலை உரிமையாளர் ஜேக்கப்சென் அதைத் தன் ஆலைக்குள் பூட்டிவைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார்.

அது மாபெரும் சாதனை. ஒவ்வொரு தொட்டியும் ஒரே சுவையில் வந்தது. கெட்டுப்போன பியரைக் கொட்டும் நட்டம் குறைந்தது. கூடவே ஓர் எண்ணமும் வேரூன்றியது: நல்ல ஈஸ்ட் என்றால் ஒற்றை வகை, அது ஆய்வகத்தில்தான் பிறக்கும், வீட்டுச் சட்டியில் இருப்பதெல்லாம் கலப்படம். க்வெய்க் இவ்வளவு காலம் கண்ணில் படாமல் போனதற்கு இந்த எண்ணமும் ஒரு காரணம்.

ஆய்வகம் கண்டது

நார்வேப் பண்ணை மாதிரிகளை முதலில் விரிவாகப் பார்த்தவை இங்கிலாந்தின் நார்விச்சிலுள்ள தேசிய ஈஸ்ட் சேமிப்பகமும், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும். பெரும்பாலான மாதிரிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட ஈஸ்ட் வகைகள் சேர்ந்து வாழ்ந்தன. சிலவற்றில் பாக்டீரியாவும் துணைக்கு இருந்தது. ஆனாலும் அவை வழிதவறி வந்த காட்டு ஈஸ்ட்கள் அல்ல. ரொட்டிக்கும் ஏலுக்கும் உதவும் அதே சாக்கரோமைசஸ் செரிவிசியே இனந்தான். மனிதக் கையில் நெடுங்காலம் வளர்ந்த அடையாளங்கள் அவற்றின் மரபணுவில் தெளிவாகத் தெரிந்தன.

அந்த அடையாளங்களில் ஒன்றைக் கிராம்பு வாசத்தில் காணலாம். காட்டு ஈஸ்ட்களில் இருக்கும் இரண்டு மரபணுக்கள் பார்லி உமியிலிருந்து வரும் ஃபெருலிக் அமிலத்தைக் கிராம்பு போல மணக்கும் ஒரு பொருளாக மாற்றுகின்றன. பவேரியக் கோதுமை பியரில் இந்த மணம் விரும்பப்படுகிறது. மற்ற பெரும்பாலான பியர்களில் குறையாகக் கருதப்படுகிறது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஈஸ்ட் மரபுத்தொகுதிகளை 2016இல் ஒப்பிட்ட பெல்ஜிய ஆய்வாளர்கள், பல பியர் ஈஸ்ட்களில் இந்த மரபணுக்கள் செயலிழந்து கிடப்பதைக் கண்டார்கள். க்வெய்க் ஈஸ்ட்களும் கிராம்பு மணத்தைத் தருவதில்லை என்று 2018இல் வெளியான குவெல்ஃப் ஆய்வு காட்டியது. ஆலை ஈஸ்ட்களின் குடும்பத்தோடு இவற்றுக்கு உறவு உண்டு என்றும், அதோடு இன்னொரு வம்சாவளியும் கலந்து தனிக் குழுவாக நிற்கின்றன என்றும் அதே ஆய்வு சொன்னது.

வெப்பம் தாங்கும் திறனும் வியப்பளித்தது. பல வகைகள் 40 டிகிரிக்கு மேலும் வளர்ந்தன. ஆல்கஹால் 10 சதவீதத்தைத் தாண்டியும் தளரவில்லை. வேலை முடிந்ததும் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு விரைவாகப் படிந்துவிடுவதால் எடுத்துவைப்பதும் சுலபம். பழ மணத்துக்குக் காரணம் எத்தில் கேப்ரோயேட் போன்ற எஸ்டர்கள்.

இந்தத் தாங்குதிறன் எங்கிருந்து வந்தது? 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு ட்ரெஹலோஸைச் சுட்டியது. இரண்டு குளுகோஸ் மூலக்கூறுகள் இணைந்த சர்க்கரை அது. சூடு, வறட்சி, ஆல்கஹால் ஆகிய நெருக்கடிகளில் ஈஸ்ட் செல்லின் சவ்வையும் புரதங்களையும் குலையாமல் காக்கிறது. க்வெய்க் செல்கள் வழக்கமான ஏல் ஈஸ்டைவிடக் கூடுதலாக ட்ரெஹலோஸ் சேர்த்துவைக்கின்றன. வளையத்தில் காய்ந்து மாதக்கணக்கில் தொங்குவதற்கும், பிறகு 40 டிகிரிச் சாற்றில் விழுந்ததும் விழித்தெழுவதற்கும் ஒரே மூலக்கூறு துணைநிற்கிறது.

நடைமுறையே வளர்ப்பு

இப்போது பண்ணையின் வழக்கங்களையும் ஈஸ்டின் குணங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்விக்க வசதியில்லாததால் சாறு சூடாக இருந்தது. சூட்டில் தடுமாறிய செல்கள் பெருகவில்லை. விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டதால் இரண்டு நாளில் ஈஸ்ட் சேகரிக்கப்பட்டது. அதற்குள் பெருகித் திரளாதவை பியரோடு குடிக்கப்பட்டுப் போயின. அடுத்த காய்ச்சலுக்கு மாதங்கள் ஆகும் என்பதால் ஈஸ்ட் உலர்த்தப்பட்டது. உலர்வைத் தாங்காதவை செத்தன. விருந்து பியர் வீரியமாக இருக்க வேண்டும் என்பதால் சாறு கெட்டியாக இருந்தது. ஆல்கஹாலில் முடங்கியவை பின்தங்கின. மணம் பிடிக்காத ஈஸ்டை வீட்டுக்காரர் கொட்டிவிட்டு அண்டை வீட்டில் வேறு வாங்கினார்.

ஈஸ்ட் என்ற உயிரை நுண்ணோக்கியில் பார்த்திராத மக்கள், நூற்றாண்டுக் கணக்கில் அதை இப்படித் தேர்ந்து வளர்த்திருக்கிறார்கள். திட்டமிட்ட ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு வீட்டு வழக்கமும் ஒரு சல்லடையாக இயங்கியது. நெல்லிலும் மாட்டிலும் உழவர்கள் செய்த தேர்வை நாம் அறிவோம். கண்ணுக்குத் தெரியாத உயிரிலும் அதே கைத்திறன் செயல்பட்டிருப்பதற்கு க்வெய்க் அழுத்தமான சான்று.

இதிலிருந்து ஒரு முடிவு நேராக வருகிறது. வழக்கம் மாறினால் சல்லடையும் மாறும். க்வெய்க்கை எப்போதும் 20 டிகிரியில் நொதிக்கவிட்டு, உலர்த்தாமல், மெல்லிய சாற்றில் வளர்த்துவந்தால் நாளடைவில் அது வேறு ஈஸ்டாகிவிடும்.

எஞ்சியதும் இழந்ததும்

மரபு எல்லா ஊரிலும் ஒரேபோலப் பிழைக்கவில்லை. நார்வேயின் நடுப்பகுதியிலுள்ள ஸ்டியோர்டாலில் வீட்டு மால்ட் இன்றும் உயிரோடிருக்கிறது. முளைகட்டிய பார்லியை ஆல்டர் மரப் புகையில் உலர்த்தும் சிறு மால்ட் கூடங்கள் அங்கே பல உள்ளன. ஆனால் சொந்த ஈஸ்ட் மறைந்துவிட்டது, கடையில் வாங்கும் ரொட்டி ஈஸ்டையே பயன்படுத்துகிறார்கள். வோஸில் நேர்மாறு: ஈஸ்ட் தங்கியது, மால்ட் பெரும்பாலும் கடையிலிருந்து வருகிறது. பின்லாந்தின் சாஹ்தி பியரும் ஜூனிப்பரோடும் கொதிக்காத சாற்றோடும் தொடர்கிறது. 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மரபுச் சிறப்பு முத்திரை அதற்கு உண்டு. ஆனால் அங்கேயும் நொதிக்கவைப்பது ரொட்டி ஈஸ்ட்தான்.

லித்துவேனியாவின் வடகிழக்கில் பண்ணை பியர் மரபு இன்னும் நிலைத்திருக்கிறது. அங்கே மால்ட் கூழை ரொட்டி போல அடுப்பில் சுட்டுத் தயாரிக்கும் பியர் வகையும் உண்டு. பெல்ஜியத்தின் எனோ மாகாணத்துப் பண்ணைகளில் தோன்றிய சேசோன் பியரும் 30 டிகிரியைத் தாண்டிய சூட்டில் நொதிப்பதற்குப் பேர்பெற்றது. சேசோன் ஈஸ்ட்கள் பலவற்றில், மற்ற ஈஸ்ட்கள் தொட முடியாத நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளையும் உடைக்கும் மரபணு இருப்பதால் அந்த பியர் இனிப்பே இல்லாமல் வறண்டு முடியும்.

இன்று க்வெய்க் உலகெங்கும் போய்விட்டது. வோஸ் ஈஸ்டின் ஒற்றை வகையைத் தூளாக்கிப் பொட்டலத்தில் விற்கிறார்கள். குளிர்சாதனம் இல்லாமல் வெயில் நாட்டிலும் வீட்டில் பியர் காய்ச்சுவோருக்கு அது பெரிய உதவி. 20 லிட்டர் சாற்றை 35 முதல் 40 டிகிரிக்குள் ஆறவிட்டு ஈஸ்டைச் சேர்த்துக் கம்பளியால் போர்த்தி வைத்தாலே போதும். பண்ணை ஈஸ்ட் குழம்பாக இருந்தால் ஒரு தேக்கரண்டியே பல வீடுகளின் வழக்கமான அளவு. சாறு கெட்டியாக இருக்க வேண்டும். மெல்லிய சாற்றில் நைட்ரஜன் போதாமல் ஈஸ்ட் திணறும் என்பதால் ஊட்டம் சேர்க்க நேரிடும். ஜூனிப்பர் தேடிப் போகிறவர்கள் சாதாரண ஜூனிப்பரை உறுதியாக அடையாளம் கண்ட பிறகே வெட்ட வேண்டும். அதன் உறவுச் செடியான சாவின் ஜூனிப்பர் நஞ்சு.

பொட்டலத்திலுள்ள ஒற்றை வகை வசதியானது. ஆனால் அது பண்ணைக் கூட்டத்தின் ஒரே ஓர் உறுப்பினர். மீதி உறுப்பினர்கள் சேமிப்பகத்தின் உறைகுளிரில் இருந்தால் மட்டும் போதாது. ஆகவே முழுக் கூட்டு ஈஸ்ட் கையில் கிடைத்தவர்கள் அதைச் சூடான கெட்டிச் சாற்றிலேயே வளர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலர்த்திவைக்க வேண்டும். எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்பதைச் சீசாவின் மேல் எழுதிவைத்து, கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும்.